எண்ணெய் பட்ட முனை

கனகராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். பாகூர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற மனுஷன், ஆணி கேட்டால் ஆணியைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே. இவர் ஒரு மாதமாக ஒவ்வொரு ஆணியோடும் ஒரு சேதியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் தீமிதிக்கு நெருப்பு கடையறது நான்தான், தெரியுமில்ல? ஆயிரம் டிரில்லிங் மெஷினு வித்தவன்பா நானு. ஒரு குச்சிய சுத்தறது எனக்கு ஒரு வேலையா?"

அவருடைய ஊர் ஏரிக்கு அந்தப்பக்கம். அங்கே திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்குத் தீப்பெட்டி நெருப்பு ஆகாது. கட்டையோடு கட்டை உரசித்தான் நெருப்பு பிறக்க வேண்டும். அதற்கென்று ஒரு வில், ஒரு கோல், ஒரு பூவரசம் பலகை உண்டு. வில்லின் கயிற்றைக் கோலில் ஒரு சுற்றுச் சுற்றி, கோலின் அடிமுனையைப் பலகையில் இருக்கும் குழிகளில் ஒன்றில் நிறுத்தி, மேல்முனையைக் கொட்டாங்குச்சியால் அழுத்திக்கொண்டு, வில்லை ரம்பம் இழுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கோல் கிறுகிறுவென்று சுழலும். அடியில் கறுப்புத் தூள் சேர்ந்து, புகைந்து, கங்கு பிடிக்கும். அதைத் தேங்காய் நாரில் ஏந்தி ஊதினால் நெருப்பு. மேல்முனை கொட்டாங்குச்சிக்குள் வழுக்கிக்கொண்டு சுழல வேண்டும் என்பதற்காக அதற்கு மட்டும் விளக்கெண்ணெய் தடவுவார்கள். அடிமுனையில் எண்ணெய்ப் பசை பட்டால் தொலைந்தது. தோள்பட்டை கழன்று விழுகிற வரைக்கும் இழுத்தாலும் கங்கு பிடிக்காது.

ஆனால் நெருப்பு வராமல் போனால் ஊர் கட்டையைக் குற்றம் சொல்லாது. காப்பு கட்டினவர்களில் யாரோ விரதம் கெட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்லும். கனகராஜின் அப்பா முப்பத்தொரு வருஷம் கடைந்தார், ஒரு வருஷமும் அந்தப் பேச்சுக்கு இடம் வரவில்லை. இப்போது அவருக்கு முட்டி போய்விட்டது. வில்லியனூரில் மகள் வீட்டில் இருக்கிறார். உரிமை பிள்ளைக்கு வந்தது, பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

தீமிதிக்கு முதல் நாள் மத்தியானம் வியாபாரம் ஓய்ந்திருந்த நேரத்தில், கனகராஜ் கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கடையிலிருந்த உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். வருஷக்கணக்காக எரிந்து எரிந்து அதன் அடிமுனை கரியேறிக் கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் எது அடி, எது தலை என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தக் கரிதான் சீக்கிரம் கங்கு பிடிக்கவும் உதவும். இவருக்கு அது அழுக்காகத் தெரிந்தது.

சாப்பாட்டுக் கேரியரோடு வந்த அவர் மனைவி வசந்தா பார்த்துவிட்டுக் கேட்டாள், "கறுப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது. அத ஏன் போட்டு ராவிகினு இருக்கறீங்க? மாமா ஒரு நாளாவது தேச்சிருக்காரா?"

"நீ சும்மா இரு. நாளைக்கு லைவு போடறாங்க. துபாய்ல இருக்கறவன்லாம் பாப்பான். அழுக்குக் குச்சியோட போயி நிக்கச் சொல்றியா?"

இரண்டு முனையும் ஒன்றுபோல் பளபளவென்று வந்துவிட்டது. ஒரு முனைக்கு விளக்கெண்ணெய் தடவி, மஞ்சள் துணியில் சுற்றிக் கடைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். தன் வேலையைத் தானே இரண்டு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆனி வெயில். கோயிலுக்கு முன்னால் வெட்டிய குழியில் விறகு அடுக்கியாகிவிட்டது. மூன்று மணிக்கு நெருப்பு வைத்தால்தான் ஆறு மணிக்கு விறகெல்லாம் தணலாகும், ஜனம் இறங்கலாம். காப்பு கட்டிய நாற்பத்து மூன்று பேர் மஞ்சள் துணியோடு சுற்றி நின்றார்கள். அதில் நாலு பேர் காலனிக்காரர்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மூன்று தரம் உட்கார்ந்து பேசி, மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் காலனிக்குக் காப்பு கட்டும் பாத்தியதை கிடைத்தது. அந்த நாலு பேரில் ஒரே பொம்பளை காசம்மாள்.

காசம்மாள் பிள்ளையார்குப்பத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பெருக்குகிறவள். புருஷன் ராமு போன வருஷம் அரியூர் பக்கம் வண்டியிலிருந்து விழுந்து, பதினாறு நாள் கண் திறக்காமல் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ராமு எழுந்தான், ஒரு கோலை ஊன்றிக்கொண்டு நடக்கவும் செய்தான். அன்றைக்கு அவளுடைய வேண்டுதலைப் பார்க்கத்தான் கூட்டத்துக்கு ஓரமாக வந்து நின்றிருந்தான்.

பம்பை முழங்கியது. கனகராஜ் மஞ்சள் துணியைப் பிரித்தார், கோலை எடுத்தார், நிறுத்தினார், வில்லை இழுத்தார். கோல் என்னவோ ஜோராகத்தான் சுழன்றது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. புகையைக் காணோம். கோல் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்ததே தவிர, ஒரு சிட்டிகைத் தூள் விழவில்லை. கனகராஜின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. பம்பைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடித்த செல்போன்களை யாரும் இறக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கோலைத் தூக்கி அடிமுனையைப் பார்த்தார். வழவழவென்று மின்னிற்று. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விளக்கெண்ணெய்.

கோலைத் தலைகீழாக வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தர்மகர்த்தா கலைச்செல்வன் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். "காப்பு கட்டினவங்கள்ல யாரோ சுத்தம் தப்பிட்டீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்களே ஒதுங்கிட்டா மரியாத."

கூட்டத்தில் கசமுசவென்று பேச்சு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆஸ்பத்திரில பொணம் தள்றவள்லாம் காப்பு கட்டிகினு நின்னா நெருப்பு எப்பிடிய்யா வரும்?"

நாற்பத்து மூன்று பேரில் சாராயக் கடை வாசலை மிதித்தவன் உண்டு, விரதத்துக்கு நடுவில் கறிக்குழம்பை முகர்ந்தவன் உண்டு. அவன் பக்கமெல்லாம் ஒரு தலையும் திரும்பவில்லை. எல்லாத் தலையும் காசம்மாள் பக்கம் திரும்பிற்று. ஏன் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"நான் வார்டு பெருக்கறவ" என்றாள் காசம்மாள். தலை குனியவில்லை. "காப்பு கட்டுன பத்து நாளும் டூட்டி முடிச்சி மூணு தடவ தலைக்கு ஊத்திகினுதான் வூட்டுக்குள்ளயே போனேன். நான் சுத்தமாத்தான் வந்து நிக்கறேன்."

கலைச்செல்வன் மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. மைக்கை அணைத்துவிட்டுக் கனகராஜ் பக்கத்தில் வந்து குனிந்தார். "கனகராஜு, ஒம்பக்கம் ஒண்ணும் கோளாறு இல்லியே? கோலு, பலக எல்லாம் சரியாத்தான இருக்குது? இருந்தா சொல்லிடுப்பா. ஒரு பொம்பளய சும்மா ஒதுக்கக் கூடாது."

வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் போதும். 'தலைகீழா வச்சிட்டேன்ணா' என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ஒரு வாரம் கடைக்கு வருகிறவனெல்லாம், 'இன்னா மொதலாளி, எந்த முனை மேல?' என்று கேட்டு நக்கலடிப்பான். அப்பா வில்லியனூரில் பேரன் செல்போனைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மாதம் நாக்கைச் சுழற்றிய மனுஷனுக்கு அந்த நாலு வார்த்தைக்கு நாக்கு எழவில்லை.

"எல்லாம் சரியா இருக்குதுண்ணா" என்றார் கனகராஜ்.

கலைச்செல்வன் நிமிர்ந்தார். காசம்மாளைப் பார்த்து, "போம்மா" என்றார். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை.

காசம்மாள் மணிக்கட்டிலிருந்த காப்புக் கயிற்றைத் தானே அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அறுத்தாள். அதைக் கீழே போட மனசு வராமல் கைக்குள் மூடிக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே போனாள். ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. ராமு கோலை ஊன்றிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். மற்ற மூன்று காலனிக்காரர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லோருடைய கண்ணும் அவள் முதுகின் மேல் இருந்தது. கனகராஜ் அந்த இடைவெளியில் கோலைத் திருப்பிவிட்டார். எண்ணெய் பட்ட குழியை விட்டுப் பக்கத்துக் குழிக்கு மாற்றினார். திருட்டுக் கை வேகமாகத்தான் வேலை செய்யும். எப்படியாவது நெருப்பு வந்து இந்த இடத்தை விட்டு எழுந்து போனால் போதும் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

நாலே நிமிஷத்தில் புகைந்தது. கறுப்புத் தூள் குவிந்து, நடுவில் கங்கு சிவந்தது. நாரில் ஏந்தி ஊதினார். பற்றிக்கொண்டது.

பெண்கள் குலவை போட்டார்கள். பம்பை பிய்த்துக்கொண்டு போனது. "கோவிந்தா!" என்று ஊரே கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் யாரோ சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்தது.

"பாத்தியாடா? அவ போன ஒடனே வந்துடுச்சு!"

அப்போதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது கனகராஜுக்கு உறைத்தது. நெருப்பு வராமலே போயிருந்தாலாவது அவள் மேல் சந்தேகம் மட்டும்தான் இருந்திருக்கும். இவர் கோலைத் திருப்பிப் போட்டு, அவள்தான் காரணம் என்று ஊருக்கு நிரூபித்தே காட்டிவிட்டார். கலைச்செல்வன் அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். அதையும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

குளித்துவிட்டு வருகிறேன் என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டு, பரிவட்டத்தைக் கழற்றிப் பைக் டப்பாவில் திணித்து, காலனிக்கு வண்டியை விட்டார். நாலரை மணி இருக்கும். காசம்மாள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், இன்னும் அதே மஞ்சள் புடவையோடு. ராமு உள்ளே நாற்காலியில் இருந்தான்.

"வாங்கண்ணா" என்று எழுந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நெருப்பு வந்துடுச்சாமே?"

"காசம்மா, உம்மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் கோல தலைகீழா வச்சிட்டேன். எண்ண தடவின முன கீழ போயிடுச்சு. நீ போனப்புறம் திருப்பி வச்சேன், வந்துடுச்சு. எல்லாம் என் தப்புதான்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். காசம்மாள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நீங்க நல்ல மனசுக்காரரு. என்னைத் தேத்தறதுக்காக வந்து சொல்றீங்க. எனக்குத் தெரியும்ணா. வந்ததுலேர்ந்து யோசிச்சிகினேதான் இருக்கறேன். நாலாம் நாளு டூட்டில தல சுத்திகினு வந்துச்சு. கேண்டீன்ல ஒரு பன்னு வாங்கித் தின்னேன். அதுல முட்ட போட்டிருப்பாங்க. நான் கேக்காம தின்னுட்டேன். அதான் அம்மா ஏத்துக்கல."

"அய்யோ, பன்னும் இல்ல, முட்டையும் இல்லம்மா! நான் சொல்றது நெஜம். எண்ணம்மா, எண்ண!"

"முப்பது வருஷமா உங்க அப்பா கடஞ்சாரு. அவரு புள்ளைக்கு எந்த முன மேலன்னு தெரியாதா?" என்று உள்ளேயிருந்து ராமு சொன்னான். அவன் குத்திக் காட்டவில்லை. நம்பித்தான் சொன்னான். "நேரமாச்சுண்ணா. நீங்களும் எறங்கணுமில்ல, கெளம்புங்க."

காசம்மாள் இரண்டு கையையும் கூப்பினாள். "ஒண்ணே ஒண்ணு செய்வீங்களா? குண்டத்துல எறங்கும்போது எங்க வூட்டுக்காரரு பேர சொல்லிகினு எறங்குங்கண்ணா. ராமுன்னு. என் வேண்டுதல் பாதியில நிக்குது. தெரியாம தின்னுட்டேன், மன்னிச்சிடச் சொல்லுங்க. அந்தப் பாவம் மறுபடி இவரு தலையில வுழுந்துடப் போவுதுன்னுதான் எனக்கு பயம்."

'அங்கே வந்து மைக்கில் சொல்கிறேன், வா என்கூட' என்று அவளை வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கனகராஜ், "சொல்றேம்மா" என்றார். வண்டியைத் திருப்பினார். வருகிற வழியெல்லாம், நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், அவள்தான் நம்பவில்லை, நான் என்ன பண்ணுவது என்று மனசுக்குள் வழக்காடிக்கொண்டே வந்தார். பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல்கூட இருந்தது. அப்படி இறங்கியதை நினைத்து அன்றைக்கு ராத்திரி அவர் தன்னையே காறித் துப்பிக்கொண்டார், அது வேறு விஷயம்.

ஆறு மணிக்குத் தணல் தயாரானது. கரகம் முதலில் இறங்கியது. அடுத்தது நெருப்பு எழுப்பியவர். கனகராஜ் குழி ஓரத்தில் நின்றார். தணலின் அனல் முகத்தில் அடித்தது. சுடட்டும், நன்றாகச் சுடட்டும், கால் வெந்து கிடந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். தன் வாயால் முடியாததைத் தன் காலை விட்டுச் சொல்ல வைக்கப் பார்த்தார். "ராமு, ராமு" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, ஏழு அடி எடுத்து வைத்து அக்கரை ஏறினார்.

வசந்தா ஓடி வந்து அவர் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். சாம்பல் ஒட்டியிருந்ததே தவிர ஒரு கொப்புளம் இல்லை. "பாத்தீங்களா? மனசுல கள்ளம் இல்லாட்டி நெருப்பு இன்னா பண்ணும்?" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். கனகராஜுக்குத் தன் காலை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை.

கடைசி ஆளும் இறங்கி ஏறியானது. நாலு பேர் மண்வெட்டியோடு வந்து, குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று குழிக்குள் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்கள். தீ மிதித்தவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட ஜனம் நெருங்கியது. கனகராஜ் முன்னால் ஒரு வரிசையே நின்றது. ஒருவர் ஊற்றினார், இன்னொருவர் ஊற்றினார். அடுத்ததாக ஒரு சொம்பு வந்தது. அதைப் பிடித்திருந்த கை காசம்மாளுடையது. மஞ்சள் புடவையை மாற்றி, வேறொரு பழைய புடவையில் வந்திருந்தாள்.

"எனக்கும் சேத்து எறங்கினீங்களே, நீங்க நல்லா இருக்கணும்ணா" என்று சொல்லிக்கொண்டே அவர் காலடியில் குனிந்து தண்ணீரை ஊற்றினாள். பின்னால் இருந்த ரெண்டு பேர் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளியே நின்றார்கள்.

அவளுடைய விரல் பாதத்தில் பட்டதும் கனகராஜ் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சொம்பு உருண்டது.

"தொடாதம்மா! என் காலத் தொடாத!" என்று கத்தினார். தீட்டுக்காகச் சொல்கிறார் என்று நினைத்து அவள் பதறிப் பின்னால் போனாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மிச்சமிருந்ததும் உடைந்தது. "கலைச்செல்வண்ணா! இங்க வாங்க! எல்லாரும் கேளுங்கய்யா! இவ சுத்தம் தப்பல. நான் கோல தலைகீழா வச்சிட்டேன். அழகா இருக்கட்டும்னு கரிய தேச்சி எடுத்தேன், எந்த முன எதுன்னு தெரியாம எண்ண முனையில கடஞ்சேன். நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும்ணா. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். இவ அந்தப் பக்கம் போனதும் திருட்டுத்தனமா திருப்பி வச்சேன்."

பம்பை நின்றது. வசந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். செல்போனை உயர்த்திப் பிடித்திருந்த ஒருவன் மெதுவாகக் கையை இறக்கினான்.

கலைச்செல்வன் காசம்மாள் பக்கம் திரும்பிச் சொன்னார், "சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. அடுத்த வருஷம் மொதக் காப்பு உனக்குத்தான் கட்டறோம். நான் சொல்றேன், போதுமா?"

காசம்மாள் உருண்ட சொம்பை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கனகராஜை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"வூட்டுல வந்து சொன்னப்போ நான் நம்பல, சார்" என்றாள். அண்ணா போய் சார் வந்திருந்தது. "அப்பவே இங்க வந்து இதச் சொல்லியிருந்தீங்கன்னா, நானே எறங்கியிருப்பேனே. இப்ப குழிய மூடிட்டாங்களே."